விக்ரோலி அலையாத்திக் காட்டில் நண்டு வேட்டை: கோலி மீனவர்களின் தொழிலும் சட்டப் பாதுகாப்பும்

மும்பை: விக்ரோலியின் கிழக்கே தாணே உப்பங்கழியை ஒட்டிப் பரந்துள்ள அலையாத்திக் காடு, பூநாரைகளைக் காண விரும்புவோருக்கு இயற்கைக் காட்சி. மும்பையின் பூர்வகுடிகளான கோலி மீனவர்களுக்கோ இக்கழியும் அதன் சேற்றுக் கரைகளும் வேட்டைக்களம். அங்கு கிடைக்கும் சேற்று நண்டின் எதிர்காலம், காட்டின் எதிர்காலத்துடன் பிணைந்துள்ளது.

எப்படிப் பிடிக்கிறார்கள்?

மராத்தியில் 'சிம்போரி' எனப்படும் இந்நண்டு, அலையாத்தி வேர்களுக்கிடையே வளை தோண்டி வாழ்கிறது. கடல்நீர் வற்றும்போது வளைகள் வெளிப்படும். முனை வளைந்த இரும்புக் கம்பியை உள்ளே செலுத்தி நண்டை இழுத்தெடுக்கின்றனர். இரை கட்டிய சிறு வலைகளையும் பயன்படுத்துகின்றனர்.

நீர் குறையும் நேரமே வேட்டைக்கு உகந்தது என்பதைப் பிற நாட்டு மக்களும் அறிவர். தென் சூடானின் நூயர் இன மக்கள், வறண்ட பருவத்தில் மாடுகளுடன் ஆற்றங்கரைக்கு இறங்கி, குறைந்த நீரில் ஈட்டியால் மீன் குத்துவர். அவர்களுக்கு ஆண்டுக்கொருமுறை வரும் பருவம் அது. தாணே உப்பங்கழியிலோ நீர் நாள்தோறும் இருமுறை வற்றுகிறது.

உயிருடன் விற்பது ஏன்?

இறந்த நண்டு விரைவில் கெட்டுவிடும். எனவே கொடுக்குகளைக் கயிற்றால் கட்டி உயிருடன் சந்தைக்குக் கொண்டு செல்கின்றனர். சமைக்கும்போது கொடுக்குகளையும் கால்களையும் பிரித்து, மேலோட்டைப் பெயர்த்து, செவுள்களை அகற்றுவர். சிறு கால்களும் வீணாவதில்லை. அவற்றை இடித்துப் பிழிந்த சாறு குழம்பில் சேர்கிறது. தமிழகத்தின் நண்டு ரசத்துக்கும் இதுவே அடிப்படை.

சட்டம் சொல்வது என்ன?

ஐரோலி, வாஷி பாலங்களுக்கிடையிலான பகுதி 2015-ஆம் ஆண்டு பூநாரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் தாணே உப்பங்கழி ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. கடற்பகுதியைச் சரணாலயமாக அறிவிக்கும்போது உள்ளூர் மீனவர்களின் தொழில் நலனைக் காக்கப் போதிய நடவடிக்கை தேவை என்கிறது, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 26ஏ பிரிவு.

அலையாத்தி அழிப்புக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் 2005-இல் தடை விதித்து, 2018-இல் அதை உறுதி செய்தது. எனினும் பொது நலத் திட்டங்களுக்கு நீதிமன்ற அனுமதியுடன் விலக்கு உண்டு. புல்லட் ரயில் திட்டத்துக்காக மும்பை, தாணே, பால்கர் மாவட்டங்களில் சுமார் 22 ஆயிரம் அலையாத்தி மரங்களை வெட்ட 2022 டிசம்பரில் அனுமதி வழங்கப்பட்டது. வெட்டப்படும் மரங்களைப்போல் ஐந்து மடங்கு கன்றுகள் நடப்படும் என்று திட்ட நிறுவனம் உறுதியளித்தது.

மீனவருக்கு என்ன இழப்பு?

பெண் நண்டு முட்டையிடக் கடலுக்குச் செல்கிறது. குஞ்சுகள் மீண்டும் அலையாத்திக் காடுகளை நாடி வந்து வளர்கின்றன. ஒரு கழியில் மரங்கள் குறைந்தால், அங்கு நண்டுகளுக்கான புகலிடமும் குறையும். தொலைவில் நடப்படும் கன்றுகள் மர எண்ணிக்கையை ஈடுகட்டலாம். ஆனால் அதே கழியை நம்பி வாழும் மீனவரின் அன்றாட வருவாயை ஈடுகட்டுவதில்லை. மரங்களின் கணக்கோடு மீன்பிடிப்போரின் கணக்கும் சேர்த்துப் பார்க்கப்பட வேண்டியதன் காரணம் இதுவே.