பெயர் மாறினால் கருவி மாறுமா?

கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்ததும் கால்வனாமீட்டரின் முள் துள்ளுவதை எங்கள் அறிவியல் ஆய்வகத்தில் நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். 1831-ஆம் ஆண்டு மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே அதற்குக் காரணம். அதே தத்துவத்தை நம்பி, விடுமுறை நாள்களில் வயல்களிலும் கடற்கரைகளிலும் நடந்து திரியும் மனிதர்கள் மேலை நாடுகளில் ஏராளமாக உள்ளனர் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அவர்கள் கையில் இருப்பது மெட்டல் டிடெக்டர் எனப்படும் உலோகங்காட்டும் கருவி. மண்ணில் புதைந்த பழைய நாணயம், தொலைந்த மோதிரம், சட்டைப் பொத்தான் ஆகியவற்றைத் தேடுவதே அவர்களது பொழுதுபோக்கு. இக்கருவியைச் செய்த பழைய நிறுவனம் ஒன்று மூடப்பட்டு அதன் பெயர் கைமாறியபோது அவர்கள் பெரிதும் கலங்கினர். ஏன் கலங்கினர் என்பதைக் காண்போம்.

முதலில் கருவியைத் தெரிந்துகொள்வோம். நீண்ட தண்டின் அடியில் வட்டத் தட்டு ஒன்று உண்டு. பல கருவிகளில் அதனுள் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கும். முதற்சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாய, காந்தப்புலம் மண்ணுக்குள் பரவும். அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டங்கள் எழும். அவை தமக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். இரண்டாம் சுருள் அதை உணர்ந்து, தேடுபவரின் காதில் ஒலியாகத் தரும். இரும்பு ஆணிக்கு ஓர் ஒலி. வெள்ளி நாணயத்திற்கு வேறோர் ஒலி. ஒவ்வொரு நிறுவனத்தின் கருவிக்கும் தனிக் குரல் உண்டு எனலாம். அக்குரலைப் பிரித்தறியக் காது பழகுவதற்கு ஆண்டுகள் ஆகும். ஆகவே ஒருவர் பத்தாண்டுகள் பயன்படுத்திய கருவியை மாற்றுவது, கைப்பேனாவை மாற்றுவது போன்ற எளிய செயலன்று.

இத்தொழிலின் தொடக்கம் சிறியது. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய கெர்ஹார்டு பிஷர் என்ற பொறியாளர், 1931-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில், தம் வீட்டுக் கார் கொட்டகையில் வேலையைத் தொடங்கினார். 1937-இல் காப்புரிமை பெற்றார். 1950-இல் ஆரிகன் மாநிலத்தில் 'ஸ்வீட் ஹோம்' என்ற சிற்றூரில் கென் ஒயிட் என்பவர் ஒயிட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 'இனிய இல்லம்' என்று பொருள்படும் அவ்வூர் மரத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. முதலில் யுரேனியம் தேடுவோருக்குக் கைகர் எண்ணிகள் செய்த அந்நிறுவனம், பின்னர் உலோகங்காட்டும் கருவிகளால் புகழடைந்தது.

எழுபது ஆண்டுகள் இயங்கிய அந்தத் தொழிற்சாலை 2020-இல் மூடப்பட்டது. அதன் வடிவமைப்புகளையும் வணிகப் பெயர்களையும் டெக்சாஸ் மாநிலத்தின் காரெட் நிறுவனம் வாங்கிக்கொண்டது. 1964-இல் சார்ல்ஸ் காரெட்டும் அவர் மனைவி எலினாரும் தொடங்கிய நிறுவனம் அது. 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் விளையாட்டுகளின் பாதுகாப்புக்கும் அதன் கருவிகள் பயன்பட்டன. அதாவது, நெடுங்காலப் போட்டியாளரே இப்போது வாரிசு!

செய்தி கேட்ட ஆர்வலர்கள் ஒரே மனத்தினராய் இல்லை. பழைய நண்பரை இழந்ததுபோல் சிலர் வருந்தினர். தம் கருவி பழுதானால் யார் பார்ப்பார், உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்று சிலர் கவலைப்பட்டனர். வலிமையான கைக்குத்தான் போயிருக்கிறது, நல்ல மாதிரிகள் மீண்டும் வரும் என்று வேறு சிலர் நம்பினர். இந்த நம்பிக்கையும் முழுவதும் வீண் போகவில்லை. ஒயிட்ஸ் நிறுவனத்தின் 'கோல்டுமாஸ்டர்' என்ற தங்கம் தேடும் கருவி, பின்னர் காரெட் பெயரைத் தாங்கி வெளிவந்தது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது இதுதானோ!

ஆனால் கவலைப்பட்டவர்களும் காரணமின்றிக் கவலைப்படவில்லை. அரிசோனா மாநிலத்தின் டெசோரோ நிறுவனம், முதன்முதலில் வாங்கியவருக்கு வாழ்நாள் உத்தரவாதம் அளித்து வந்தது. 2010-களின் இறுதியில் அது மூடப்பட்டது. வாங்கியவர் வாழ்கிறார், கருவியும் இருக்கிறது, வாக்குக் கொடுத்தவர்தாம் இல்லை. அப்படியானால் 'வாழ்நாள்' என்பது யாருடைய வாழ்நாள்? இந்தக் கேள்வியை நாங்கள் எங்களுக்குள் வெகுநேரம் பேசினோம்.

கைமாறுவதெல்லாம் கேடு என்றும் கூற முடியாது. பிஷர் நிறுவனத்தை 2006-இல் பர்ஸ்ட் டெக்சாஸ் நிறுவனம் வாங்கி எல் பாசோ நகருக்குக் கொண்டுசென்றது. இடம் மாறினாலும் பிஷர் என்ற பெயர் நிலைத்தது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் தோன்றிய மைன்லேப், 2008-இல் கோடான் நிறுவனத்தின் கைக்கு வந்த பின்னும் புதிய கருவிகளைப் படைத்து முன்னேறியது.

இவற்றிலிருந்து எங்களுக்குப் புலப்பட்டது ஒன்று. பெயரை விற்கலாம், வரைபடத்தையும் காப்புரிமையையும் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கலாம். ஆனால், திருப்பி அனுப்பப்பட்ட கருவியின் குறையை ஒலியைக் கேட்டே கண்டுபிடிக்கும் தொழிலாளியின் அனுபவத்தைப் பத்திரத்தில் எழுத முடியுமா? ஸ்வீட் ஹோமில் ஒரு தொழிற்சாலையின் கதவு மூடியபோது, அத்தகைய கைகளும் காதுகளும் வேறு வேலை தேடிப் போயின. ஆர்வலர்கள் கலங்கியது வெறும் பெயருக்காக அன்று. அந்தப் பெயருக்குப் பின்னால் நின்று பொறுப்பேற்ற மனிதர்களுக்காகவே.

எனவே தோழிகளே, ஒரு பொருளை வாங்கும்போது அதன்மேல் பொறித்த பெயரை மட்டும் பாராமல், "பழுதானால் இதை யார் சரிசெய்வார்?" என்றும் கேட்போம். நாளை நம்மில் யாரேனும் ஒரு தொழிற்சாலையை நடத்த நேர்ந்தால், கொடுத்த வாக்கை அடுத்து வருபவரும் காக்க வழிசெய்துவிட்டே சாவியை ஒப்படைப்போம்!