முந்திரி என்னும் சொல்லின் பயணம்

நெய்வேலி நகரியத்தினின்று பண்ணுருட்டியை நோக்கிச் செல்வோர், செம்மண் மேடெங்கும் முந்திரித் தோப்புகளைக் காண்பர். மண்ணுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி. மண்ணுக்கு மேலே முந்திரி. 1956-ஆம் ஆண்டில் நிலக்கரி நிறுவனம் அமைந்து, 1957-இல் சுரங்க வேலை தொடங்கியபோது, நிலத்தை விட்டுக்கொடுத்த ஊரார் பலர் தம் முந்திரித் தோப்புகளையும் விட்டுக்கொடுத்தனர். அங்கு எழுந்த நகரியத்துக்குத் தெலுங்கரும் மலையாளிகளும் வடநாட்டினரும் தொழில் நாடி வந்தனர். ஆகவே நெய்வேலிக் கடைத்தெருவில் ஒரே பருப்பை முந்திரி என்றும், ஜீடிபப்பு என்றும், அண்டிப்பருப்பு என்றும், காஜு என்றும் கேட்டு வாங்குகின்றனர். இப்பெயர்கள் வந்த வழியை நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முந்திரி மரத்தின் தாயகம் பிரேசில் நாடு. அங்குள்ள தூப்பி மொழியினர் அதனை 'அக்காஜு' என்றனர். 1500-ஆம் ஆண்டில் அந்நாட்டை அடைந்த போர்த்துகீசியர், முதலெழுத்தை உதறிவிட்டுக் 'காஜு' என வழங்கினர். பதினாறாம் நூற்றாண்டில் அவர்களுடைய கப்பல்கள் மரத்தையும் பெயரையும் ஒருசேர மேலைக்கடற்கரையில் இறக்கின. அப்பெயர் இந்தியிலும் மராத்தியிலும் 'காஜு' என நிலைத்தது. சிங்களத்தில் 'கஜு' ஆயிற்று. மலையாளத்தில் 'கசுமாவு' ஆயிற்று. மலாய் மொழியில் 'கஜுஸ்' ஆயிற்று. ஆங்கிலேயர் நாவில் 'கேஷ்யூ' என உருமாறிற்று. நெசவாளராகிய நம்மவர்க்கு இது புதுமையன்று. கள்ளிக்கோட்டையினின்று சென்ற பருத்தித் துணி, அவ்வூரின் பெயராலேயே மேலைநாட்டில் 'காலிகோ' ஆகவில்லையா? சரக்கு செல்லுமிடமெல்லாம் சொல்லும் செல்கிறது. சென்றவிடத்து நாவுக்கேற்பத் தேய்கிறது.

எனினும் எல்லா மக்களும் அயற்சொல்லை ஏற்றுக்கொள்ளவில்லை. சிலர் தாம் முன்பே அறிந்த பொருளோடு ஒப்பிட்டுப் புதுப்பெயர் படைத்தனர். மலையாளத்தார் 'பறங்கிமாவு' என்றும் 'கப்பல்மாவு' என்றும் சொல்லி, கொணர்ந்தவரையும் வந்த வழியையும் பெயரிலேயே பொறித்துவைத்தனர். தெலுங்கர் 'ஜீடிமாமிடி' என்றனர். ஜீடி என்பது சேங்கொட்டை. மாமிடி என்பது மா. முந்திரிக்கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய், சேங்கொட்டைப் பாலைப் போன்றே தோலைச் சுட்டுப் புண்ணாக்கும். கொட்டை உடைக்கும் பெண்கள் இதனைத் தம் விரல்களால் அறிவர். அப்பெயர் ஓர் எச்சரிக்கையும் ஆகும்.

இதில் ஒரு வியப்பு உண்டு. சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் லின்னேயஸ் 1753-இல் இம்மரத்துக்கு 'அனகார்டியம்' எனப் பெயரிட்டார். பழைய மருத்துவ நூல்களில் அச்சொல் சேங்கொட்டையைக் குறித்ததாகும். மாவும் சேங்கொட்டையும் முந்திரியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை எனத் தாவர நூலார் வகுத்துள்ளனர். தெலுங்கு நாட்டு உழவர் இட்ட பெயரும் அவ்வுறவையே காட்டுகிறது.

இனித் தமிழுக்கு வருவோம். பழத்தின் முன்னே கொட்டை துருத்திக்கொண்டிருப்பதால் 'முந்திரி' எனப் பெயர் வந்தது என்பர். கேட்பதற்கு இனிய விளக்கமே. வியட்நாமியரும் விதை புறத்தே பிதுங்கிய பழம் எனும் பொருளில் ஒரு பெயர் வழங்குகின்றனர். ஆயினும் தமிழைப் பொறுத்தவரை இவ்விளக்கம் பொருந்தாது. முந்திரி, முந்திரிகை என்னும் சொற்கள் கொடியில் காய்க்கும் திராட்சையைக் குறித்தவை. இன்றும் மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சையே. இலங்கைத் தமிழர் திராட்சையை முந்திரிகை என்றும், நம் முந்திரியை மரமுந்திரிகை என்றும் பிரித்து வழங்குகின்றனர். தமிழகத்திலோ 'திராட்சை' என்னும் வடசொல் கொடிக்கனிக்கு உரியதாகிவிட, 'முந்திரி' மரத்தின் கொட்டைக்கே நிலைத்துவிட்டது. இதனால், நெய்வேலிக்குப் புதிதாய் வந்த மலையாள அன்பர் முந்திரி கேட்டால், கடைக்காரர் அவர் விரும்பாத பொருளைக் கட்டிக்கொடுக்க இடமுண்டு.

முந்திரிக்கு மற்றொரு பொருளும் உண்டு. பழந்தமிழ்க் கணக்கில் முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. இன்று உலகச் சந்தையில் பெரிதும் விலைபோகும் முழுப்பருப்புத் தரத்தின் பெயர் 'டபிள்யூ 320'. ஒரு பவுண்டு எடையில் 300 முதல் 320 பருப்புகள் நிற்கும் என்பது அதன் பொருள். அதாவது ஒரு பருப்பு, ஒரு பவுண்டில் ஏறக்குறைய ஒரு முந்திரி! இது தற்செயலான பொருத்தமே. ஆயினும் நினைவில் நிறுத்த உதவும். ஏனெனில் இவ்வெண் குறையக் குறையப் பருப்பு பெரிதாகிறது, விலையும் உயர்கிறது. 240 என்பது 320-ஐவிட உயர்ந்தது. 180 அதனினும் உயர்ந்தது. எண் பெரிதாயின் தரமும் பெரிதென மயங்குவோர் ஏமாற நேரும்.

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் வீசிய 'தானே' புயல், கடலூர் மாவட்டத்து முந்திரித் தோப்புகளை வேரோடு சாய்த்ததை நாம் மறக்கவியலாது. தோப்பை மீண்டும் எழுப்புவோருக்கு விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் 1991-இல் வெளியிட்ட 'வி.ஆர்.ஐ. 3' போன்ற ஒட்டுரகங்கள் உண்டு. விருத்தாசலத்தின் ஆங்கில எழுத்துகளே அப்பெயரில் உள்ளன. பிரேசிலிலிருந்து வந்த மரத்துக்கு நம் ஊரே பெயர் தந்திருக்கிறது.

விளைவிப்போர் மூட்டைக்கு விலை பேசுகின்றனர். வாங்குவோர் அதே கொட்டையைத் தரத்தின் பெயரால் விற்கின்றனர். முந்திரியாய் நம் தோப்பைவிட்டுப் போவது, 'காஜு கத்லி' என்னும் பெயரோடு நம்மூர்ப் பலகாரக் கடைக்கே திரும்பி வருகிறது. இடையிலுள்ள பெயர்களை அறியாதவர் இடையிலுள்ள இலாபத்தையும் அறியார். ஆதலின் நம் சங்கத்து உறுப்பினர்கள், கொள்முதல் காலம் தொடங்குமுன் தரப்பெயர்களையும் அவற்றின் அன்றாட விலையையும் கேட்டறிந்து, தனித்தனியே விற்காமல் ஒன்றுகூடி விலை பேசுவார்களாக.