பழைய சாவி யார் கையில்?

கனடாவின் வான்கூவர் நகரில், 2006ஆம் ஆண்டு ஒரு நாள், கிரேடன் ஹோர் என்ற 29 வயது கணினி நிரலாளர் வீடு திரும்பினார். மின்தூக்கி வேலை செய்யவில்லை. மின்சாரத் தடையல்ல, அதை இயக்கும் மென்பொருள் முடங்கிப்போயிருந்தது. வீடோ 21ஆவது மாடியில்!

இத்தகைய முடக்கங்களுக்குப் பெரும்பாலும் எது காரணம் என்பது அவருக்குத் தெரியும். சிறு கருவிகளின் மென்பொருளை அதிகமாக சி, சி பிளஸ் பிளஸ் மொழிகளில்தான் எழுதுகிறார்கள். அவை நேரே இயந்திர மொழியாக மாற்றப்படுவதால் வேகமானவை. ஆனால், கணினியின் நினைவகத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முழுவதும் நிரல் எழுதுபவர் தலையில்.

தங்கும் விடுதியில் அறையைக் காலி செய்தவர் சாவியைத் தராமலே போய்விடுகிறார். மறுநாள் அங்கே வேறொரு குடும்பம் தங்கியிருக்கும்போது, பழைய சாவியோடு அவர் உள்ளே நுழைந்தால் என்ன ஆகும்? நினைவகத்திலும் அதுவே நடக்கிறது. ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதுவது இன்னொரு வகைப் பிழை. 1988இல் இணையத்தில் பரவிய மோரிஸ் புழு, 512 எழுத்துகள் கொள்ளும் இடத்தில் அதற்கும் கூடுதலாகத் திணித்துத்தான் சில கணினிகளுக்குள் நுழைந்தது. தான் சரிசெய்யும் பாதுகாப்புக் குறைகளில் ஏறக்குறைய 70 விழுக்காடு இத்தகைய நினைவகப் பிழைகளே என்று மைக்ரோசாஃப்ட் 2019இல் சொன்னது. கைதேர்ந்தவர்களே இப்படித் தவறுகிறார்கள் என்றால், 'கவனமாக எழுதுங்கள்' என்று சொல்வதில் பயனில்லை.

1995இல் வந்த ஜாவா, பின்னர் வந்த கோ போன்ற மொழிகள் ஒரு துப்புரவாளரை அமர்த்தின. யாரும் பயன்படுத்தாத அறையை அவர் தேடிப் பிடித்துக் காலி செய்வார். எழுதுபவருக்கு எளிது. ஆனால் நிரல் ஓடும்போதெல்லாம் துப்புரவாளருக்கும் கூலி உண்டு. இடையிடையே மற்ற வேலைகள் சற்று நிற்கவும் நேரிடும்.

ஹோர் தொடங்கிய 'ரஸ்ட்' மொழியிலும் முதலில் துப்புரவாளர் இருந்தார். பிறகு நீக்கப்பட்டார். அவருக்குப் பதில் வந்தது ஒரு விதி: ஒவ்வொரு தகவலுக்கும் ஒரே உரிமையாளர். அவர் அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டால் பழைய சாவி செல்லாது. இரவல் வாங்கலாம். படிக்க மட்டும் என்றால் எத்தனை பேரும் வாங்கலாம்; திருத்த வேண்டுமானால் ஒருவர் மட்டுமே. இந்த விதியை மீறினால் நிரல் இயந்திர மொழியாகவே மாறாது. ஒதுக்கிய இடத்தின் எல்லையை மட்டும் பெரும்பாலும் ஓடும்போது சோதிக்கிறார்கள்.

அப்படியானால் இது எளிய மொழியா? இல்லை. புதியவர்கள் மொழிமாற்றியோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போகிறார்கள். ஓடும் நேரத்தில் மிச்சமான கூலியை எழுதும் நேரத்தில் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். (பெயர் இரும்புத் துருவைக் குறிப்பதல்ல, எளிதில் அழியாத ஒரு பூஞ்சையின் பெயர்.)

2015 மே மாதம் ரஸ்டின் முதல் நிலையான பதிப்பு வெளிவந்தது. முப்பது ஆண்டுகளாகப் பெரும்பாலும் சி மொழியிலேயே எழுதப்பட்டு வந்த லினக்ஸ் கருநிரல், 2022இல் அதற்கும் வாசலைத் திறந்துவிட்டது. அங்கே பழைய சி வரிகள் கோடிக்கணக்கில் அப்படியே இருக்கின்றன.