எழுதத் தெரியாத தலைவி

வகுப்புத் தலைவியைத் தேர்ந்தெடுக்கும் நாளில் நம் கண்கள் முதலில் யாரைத் தேடுகின்றன? மதிப்பெண் பட்டியலில் முதலாவதாக நிற்பவளை. மேடையில் தங்குதடையின்றிப் பேசுபவளை. இது இயல்பே. ஆயினும் 27 பெண்கள் ஒன்றுகூடி, இதற்கு நேர்மாறாகத் தங்கள் தலைவியைத் தெரிந்துகொண்ட ஒரு நாள் திருச்சபையின் வரலாற்றில் உண்டு.

அது 1872 சனவரி 29. இடம், வட இத்தாலியின் பீட்மாண்ட் பகுதியில் திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த மொர்னேசே என்னும் சிற்றூர். 21 வாக்குகள் மரிய தொமினிக்கா மசரெல்லோவுக்குக் கிடைத்தன. அப்போது அவருக்கு வயது 34. படிக்கத் தெரியும்; தம் கையால் ஒரு கடிதம் எழுத வராது!

அந்தப் பெண்கள் அவரிடம் எதைக் கண்டார்கள்? இதை அறிய 12 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1860-ல் மொர்னேசேயில் டைபஸ் காய்ச்சல் பரவியது. மரியாவின் உறவினர் வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். பணிவிடை செய்ய ஆள் இல்லை. போனால் தமக்கும் நோய் தொற்றும் என்று அறிந்தே மரியா சென்றார். அவர்கள் பிழைத்தார்கள், மரியா படுக்கையில் விழுந்தார். எழுந்தபோது, தோட்டத்தில் ஆண்களுக்கு நிகராக உழைத்த அந்த உடலில் பழைய வலிமை இல்லை. மனம் சோர்ந்து உட்காராமல், தோழி பெத்ரோனில்லாவுடன் ஊர்த் தையற்காரரிடம் தொழில் கற்று, ஏழைச் சிறுமியருக்குத் தையலும் செபமும் சொல்லிக்கொடுக்கும் ஒரு சிறு கூடத்தைத் திறந்தார். (பெத்ரோனில்லாவின் குடும்பப் பெயரும் மசரெல்லோதான், ஆனால் இருவரும் உடன்பிறந்தவர் அல்லர்.)

இப்படி அன்றாடம் அருகிருந்து பார்த்தவர்கள்தாம் வாக்களித்தார்கள். மரியாவோ மறுத்தார். படிப்பில்லாத தமக்கு இந்தப் பொறுப்பு ஆகாது என்று மன்றாடினார். சபையின் நிறுவனரான தொன் போஸ்கோ அவரை விடவில்லை. தலைவிக்குப் பதிலாள் என்ற பெயரோடாவது இருக்கச் சொன்னார். உண்மையான தலைவி தேவமாதாவே என்பது மரியாவின் உறுதி. இரவுதோறும் வீட்டின் சாவிகளை மாதா சுரூபத்தின் பாதத்தில் வைத்துவிட்டே உறங்கச் சென்றார்.

1872 ஆகஸ்ட் 5-ல் சபை பிறந்தது. தொடக்கமே கடினம். சிறுவர்களுக்கான கல்லூரி என்று நம்பி ஊரார் பாடுபட்டுக் கட்டிய கட்டடம் கன்னியருக்குத் தரப்பட்டதால் அவர்களுக்குக் கோபம். வீட்டிலோ உணவுக்கே தட்டுப்பாடு. சோளமாவுக் களியும் செஸ்ட்நட் கொட்டைகளும் பல நாள் உணவு. துணி துவைக்கவும் விறகு சுமக்கவும் தலைவியே முன்னால் சென்றார். குளிரில் தலைவியின் கைகள் தண்ணீருக்குள் இருக்கும்போது மற்றவர்கள் எப்படிக் கரையில் நிற்பார்கள்?

தூரின் நகரிலிருந்து பிரெஞ்சு மொழி கற்பிக்க வந்த எமிலியா மோஸ்கா, உயர்குடியில் பிறந்து நன்கு படித்தவர். அவரும் சபையில் சேர்ந்தார். அன்னை மசரெல்லோ அவர்மேல் பொறாமை கொள்ளவில்லை. பள்ளியை அவர் கையில் ஒப்படைத்தார். தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் அச்சமின்றிக் கொடுப்பதற்கும் தாழ்ச்சி வேண்டும். நம்மில் பலருக்கு இதுவே கடினம் என்று நினைக்கிறோம்.

தூரினிலிருந்து எம்மா என்ற பெண்ணும் ஒரு பெட்டி நிறைய அலங்கார ஆடைகளோடு வந்து சேர்ந்தாள். ஒழுங்குக்கு அடங்கவில்லை, செபத்தில் நாட்டமில்லை. மற்றவர்கள் பொறுமை இழந்தார்கள். அன்னை அவளை விரட்டவுமில்லை, அந்தப் பெட்டியைப் பறிக்கவுமில்லை. அன்பு காட்டிக் காத்திருந்தார். ஒரு நாள் எம்மா தானாகவே அந்தப் பொருள்களை எல்லாம் தீயிலிட்டாள். பின்னர் அதே சபையில் கன்னியரானாள்.

தேர்வு நெருங்கும் வேளையில் நம் மாணவியர் இதைப் படித்துவிட்டு, "படிப்பு எதற்கு, குணம் போதுமே" என்று புத்தகத்தை மூடிவிட வேண்டாம்! அன்னை மசரெல்லோ அப்படி நினைக்கவில்லை. தம்மைவிட இளைய சகோதரியரோடு அமர்ந்து, முப்பது வயதைக் கடந்த பிறகு எழுதக் கற்றார். 1877-ல் முதல் சகோதரியர் கடல் கடந்து உருகுவே நாட்டுக்குப் போனபோது, அவர்களுக்கு ஆறுதல் சொல்ல அந்த எழுத்துத்தான் உதவியது.

1880-ல் சபை அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தது. மறு ஆண்டு மே 14-ல், 44-ஆம் வயதில், நிட்சா மொன்ஃபெராத்தோவில் இறைவனடி சேர்ந்தார். 1922-ல் அவருடைய புதல்வியர் நம் தஞ்சாவூருக்கு வந்தார்கள். 1951-ல் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தார். அவருடைய கடிதங்கள் 68 நமக்குக் கிடைத்துள்ளன. சிலவற்றை அவர் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். அவரே எழுதியவற்றில் எழுத்துப் பிழைகள் நிறைய உண்டு. தொலைதூரத்தில் இருந்த சகோதரியர் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.