மேட்டுப்பக்கச் சுவரும் கரையானும்

கூடலூரிலோ வால்பாறையிலோ ஒரு வீட்டில் கரையான் வந்துவிட்டது என்றால், மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எந்தச் சுவரில்? பெரும்பாலும் அது மேட்டுப்பக்கச் சுவராகத்தான் இருக்கும். சரிவை வெட்டிச் சமன்செய்து கட்டிய வீட்டுக்கு முன்பக்கம் வெளிச்சமும் காற்றும் தாராளமாகக் கிடைக்கும். பின்பக்கத்தில் இருப்பது மண். சில வீடுகளில் ஜன்னல் மட்டம் வரைக்கும்கூட மண் சுவரோடு ஒட்டி நிற்கும். ஜூனில் பிடிக்கும் மழை அந்த மண்ணில் இறங்கி, மாதக்கணக்கில் சுவரை ஈரமாகவே வைத்திருக்கும். வெயில் படாத அந்தச் சுவரை ஒட்டித்தான் துணி அலமாரியையும், பழைய புத்தகங்களையும், பத்திரம் வைத்த மரப்பெட்டியையும் வைத்திருப்பார்கள். கரையானுக்கு வேண்டிய மூன்றும் அங்கே சேர்ந்துவிடுகின்றன: ஈரம், இருட்டு, மரம்.

இந்த மூன்றில் ஈரத்துக்குத்தான் முதலிடம். வேலைக்காரக் கரையானுக்குக் கண் கிடையாது. உடம்பை மூடியிருக்கும் தோலும் மிக மெல்லியது. உலர்ந்த காற்றில் விட்டால் உடம்பிலுள்ள நீரை இழந்து சீக்கிரமே செத்துப்போகும். பரிணாம வழியில் இது எறும்பின் உறவே இல்லை, கரப்பான்பூச்சியின் உறவு. நெடுங்காலம் தனி வரிசையாக வைக்கப்பட்டிருந்த கரையான்களை, 2007இல் வெளியான மரபணு ஆய்வுக்குப் பிறகு அறிவியலாளர்கள் கரப்பான்களின் வரிசையிலேயே சேர்த்துவிட்டார்கள். இவ்வளவு பலவீனமான பூச்சி தரையிலிருந்து கூரைக் கைமரம் வரை ஏறுகிறது என்றால், ஈரத்தையும் இருட்டையும் கூடவே கொண்டுபோவதால்தான். மண்ணையும் உமிழ்நீரையும் கழிவையும் குழைத்து அது கட்டும் மண்குழாய் அதற்காகத்தான்.

மலையில் அந்தக் குழாய்க்கு வேலை சுலபம். வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. கூடலூர், தேவாலாப் பக்கமும் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். மழை நின்ற நாட்களிலும் மூடுபனி வீட்டுக்குள் வந்துபோகும். மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பொருள். சமவெளியின் கோடையில் காய்ந்து கிடக்கும் அதே பலகை, மலையின் மழைக்காலத்தில் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஈரம் ஏற்றிக்கொள்ளும். அந்த அளவைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும், மரம் இளகும். இளகிய மரம் கரையானுக்கு இன்னும் தோதானது. சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய் கசிந்தாலோ, தகரக் கூரையில் ஆணி அடித்த இடம் ஒழுகினாலோ நிலைமை இன்னும் மோசம். மேலேயே ஈரம் கிடைத்துவிட்டால், சில இனங்கள் மண்ணுக்குத் திரும்பாமல் சுவரின் பொந்திலேயே கூடு வைத்துத் தங்கிவிடும்.

உயரம் கூடக்கூடக் குளிரால் கரையான் இனங்கள் குறைகின்றன. 2,000 மீட்டருக்கு மேலுள்ள ஊட்டி, கொடைக்கானல் வீடுகளில் மரம் சொதசொதத்துப்போனால் அது வெறும் பூஞ்சை அழுகலாகவும் இருக்கலாம். 1,000 முதல் 1,500 மீட்டர் வரையிலுள்ள ஊர்களில்தான் மழையும் மிதமான வெப்பமும் சேர்ந்து கரையானுக்கு வசதி செய்து கொடுக்கின்றன.

உலகில் ஏறக்குறைய 3,000 கரையான் இனங்கள் இருக்கின்றன. வீட்டுக்குக் கேடு செய்பவை அவற்றில் சிறு பகுதிதான். மீதியில் பலவும் காட்டில் விழுந்த கட்டையையும் சருகையும் மண்ணாக்கும் வேலையைச் செய்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் கரடிக்கு அவை முக்கிய உணவு. தேன்கரடிக்கு மேல்தாடையின் நடுவில் இரண்டு முன்பற்கள் கிடையாது. புற்றைப் பிளந்து வாயை வைத்து, அந்த இடைவெளி வழியாகத்தான் கரையானை உறிஞ்சி எடுக்கிறது. எறும்புத்தின்னிக்கும் இதுவே சாப்பாடு. ஆகவே தோட்டத்தின் ஓரத்தில் தள்ளி நிற்கும் புற்றைத் தேடிப்போய் மருந்து ஊற்றி அழிப்பது தேவையில்லாத வேலை. அந்தப் புற்றிலுள்ள இனம் வீட்டுக்கு வரும் இனமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை.

வீட்டுக்கு வருபவற்றை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் போதும். ஒன்று மண்ணில் குடியிருந்து மரத்துக்கு வந்துபோவது. புற்றுக் கட்டும் இனங்கள் பலவும் இதில் அடக்கம். அவை தின்ற மரத்தைக் கூட்டுக்குள் கொண்டுபோய், அதன்மேல் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்து, அந்தப் பூஞ்சை பக்குவப்படுத்தியதைத்தான் சாப்பிடுகின்றன. மழைக்குப் பிறகு முளைக்கும் புற்றுக்காளான் அந்தப் பூஞ்சையின் குடைதான். இன்னொன்று காய்ந்த மரத்துக்குள்ளேயே பிறந்து அங்கேயே வாழ்வது. இதற்கு மண்ணும் வேண்டாம், குழாயும் வேண்டாம். நாற்காலி, கட்டில் வழியாகவே வீடு மாறும்.

இரண்டையும் அடையாளம் காண்பது கடினமல்ல. மண் கரையான் தின்ற பலகையைப் பிளந்தால் உள்ளே மண் பூசியிருக்கும், மெதுவான பகுதிகள் போய் ரேகைகள் மட்டும் தகடு தகடாக நிற்கும். உலர்மரக் கரையான் தின்ற பலகைக்குள் மண் இருக்காது, அறைகள் வழவழப்பாக இருக்கும். அது தன் கழிவைச் சிறு துளை வழியாக வெளியே தள்ளும். கட்டிலுக்கு அடியில் கசகசா கொட்டியதுபோல் மணிமணியாகக் குவிந்திருந்தால், ஒரு சிட்டிகை எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கலாம். ஒவ்வொரு மணிக்கும் ஆறு பக்கங்கள் இருக்கும். மணியாக இல்லாமல் மாவுபோல் பொடி கொட்டி, மரத்தில் உருண்டையான சிறு துளைகள் தெரிந்தால் அது கரையானே அல்ல, மரத்தை உளுக்கச் செய்யும் வண்டு. அதற்கு வைத்தியம் வேறு.

மண்குழாயைக் கண்டதும் துடைத்துவிட்டு வெள்ளையடிப்பதுதான் பலரும் செய்வது. அப்படிச் செய்தால் தடயம் போகும், கரையான் போகாது. குழாய் பெரும்பாலும் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். நடுவில் இரண்டு விரற்கடை அளவுக்கு மட்டும் உடைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே ஆள் நடமாட்டம் இருந்தால் வெளிறிய வேலைக்காரக் கரையான்கள் சிதறி ஓடுவது தெரியும். பழுப்புத் தலையும் கிடுக்கித் தாடையும் உள்ள காவல் கரையான்கள் உடைந்த வாயில் வந்து நிற்கும். சில நேரம் அவை தலையைத் தரையில் மோதி அதிர்வால் எச்சரிக்கை கொடுக்கும். ஒன்றுமே வெளியே வராவிட்டாலும் இரண்டொரு நாள் விட்டுப் பார்க்கலாம். உடைத்த இடத்தில் ஈரமான புது மண் பூசியிருந்தால் கூடு உயிரோடு இருக்கிறது. பூசாவிட்டால் பழைய குழாயாக இருக்கலாம், அல்லது வேறு வழி பிடித்திருக்கலாம். அப்போது கதவு நிலையின் அடிப்பாகத்தையும், சுவருக்குள் செருகிய கைமர முனைகளையும், ஸ்விட்ச் போர்டைச் சுற்றியும் தட்டிப் பார்க்க வேண்டும். டொக்கு விழுந்த மரம் வெற்றொலி தரும். பெயின்ட் மட்டும் பளபளவென்று இருக்க, ஸ்குரூ டிரைவர் நுனி உள்ளே புகுந்துபோகும் நிலைகள் எத்தனையோ.

இறக்கை முளைத்த கரையானான ஈசலும் ஒரு சேதிதான். கோடை மழையோ பருவமழையோ இறங்கிய மாலையில் விளக்கைச் சுற்றி ஈசல் மொய்ப்பது மலையில் சகஜம், அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. வெளியிலிருந்து வந்தவை அவை. ஜன்னலும் கதவும் சாத்தியிருந்த அறைக்குள், சுவரோரத்தில் உதிர்ந்த இறக்கைகள் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். அந்த ஈசல் வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பியது என்று அர்த்தம். இறக்கை முளைத்த எறும்பாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் இடுப்பைப் பார்த்தால் போதும். எறும்புக்கு ஒடுங்கிய இடுப்பு, முன் இறக்கை பெரிது, பின் இறக்கை சிறிது. ஈசலுக்கு இடுப்பு ஒடுங்காது, நான்கு இறக்கையும் ஒரே நீளம்.

தடுப்பது என்று வரும்போது வீட்டுக்காரர் முதலில் கையில் எடுக்க வேண்டியது மண்வெட்டி. மேட்டுப்பக்கச் சுவரோடு ஒட்டிய மண்ணை வெட்டித் தள்ளி, தனியாகத் தடுப்புச்சுவர் கட்டி, இரண்டுக்கும் நடுவே ஆள் நடக்கும் அளவுக்குச் சந்து விட வேண்டும். சந்தின் அடியில் சிமென்ட் பூசிய வாய்க்கால் ஓடினால் மேட்டுத் தண்ணீர் அதோடு போய்விடும். தடுப்புச்சுவரில் தண்ணீர் வடியத் துளை விடாமல் கட்டுவது பெரிய தவறு. மண் நனைந்து கனத்து அந்தச் சுவரையே தள்ளிவிடும். இடமில்லாத, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இதை முழுமையாகச் செய்ய முடியாது. அங்கேயும் அலமாரியை மேட்டுச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கல்லின்மேல் தூக்கி வைக்கலாம். பின்னால் டார்ச் அடித்துப் பார்க்க வழி கிடைக்கும்.

மலை ஊர்களின் பழைய பங்களாக்களில் பலகைத் தளத்துக்கு அடியில் வெற்றிடம் விட்டு, வெளிச்சுவரில் கம்பி வலை வைத்த காற்றுத் துளைகள் வைத்தார்கள். குளிர் வருகிறது, எலி வருகிறது என்று பின்னால் வந்தவர்கள் அவற்றை அடைத்துவிடுவதுண்டு. அடியில் ஈரம் தேங்கிப் பலகை கெடுவது அதற்குப் பிறகுதான். வலையை மாற்றித் துளையைத் திறந்துவிடுவது செலவில்லாத பழுதுபார்ப்பு.

விறகுக் கட்டைச் சுவரோடு அடுக்கக் கூடாது. வெட்டிய சில்வர் ஓக்கின் வேர்க்கட்டையை வீட்டருகே மண்ணில் விடக் கூடாது. கட்டுமானத்தின்போது மிஞ்சிய சென்ட்ரிங் பலகைத் துண்டுகளை அஸ்திவாரப் பள்ளத்தில் போட்டு மூடுவது மிகக் கெட்ட பழக்கம். கரையானுக்குத் தரைக்கு அடியிலேயே விருந்து வைத்து வீட்டைக் காட்டிக்கொடுப்பது அது.

மரத் தேர்வில் தேக்கு, ஈட்டி, பலா ஆகியவற்றின் வைரம் பாய்ந்த பகுதி கரையானை நன்றாகவே எதிர்க்கும். அதே தேக்கின் வெளிறிய வெளிப்பகுதியைக் கரையான் விட்டுவைக்காது. தேக்கு என்று சொல்லி விற்கும் சட்டத்தில் எவ்வளவு வைரம், எவ்வளவு வெளிப்பகுதி என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். ரப்பர் மரத்தைப் போரிக் அமிலமும் வெண்காரமும் ஏற்றாமல் பயன்படுத்தவே கூடாது. இந்த உப்புகள் மழை பட்டால் கரைந்துவிடும் என்பதால் வீட்டுக்கு உள்ளே மட்டும் பலன் தரும்.

இவ்வளவுக்குப் பிறகுதான் மருந்து. இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 6313 என்ற விதித்தொகுப்பு இதற்கென்றே இருக்கிறது. அதன் முதல் பகுதி கட்டுமான முறையைப் பற்றியது, இரண்டாம் பகுதி கட்டுவதற்கு முன் மண்ணில் இடும் மருந்தைப் பற்றியது, மூன்றாம் பகுதி கட்டி முடித்த வீட்டுக்கானது. கட்டி முடித்த வீட்டில் தரையும் சுவரும் சேரும் இடத்தில் வரிசையாகத் துளையிட்டு மருந்தைச் செலுத்தி அடைப்பார்கள். ஒரு காலத்தில் இதற்கு ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் பயன்பட்டன. மண்ணில் ஆண்டுக்கணக்கில் மக்காமல் நின்றதால் 2001இன் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை இவை மூன்றையும் ஒழிக்க வேண்டிய நச்சுகளின் பட்டியலில் வைத்தது. இப்போது குளோர்பைரிபாஸ், இமிடாகுளோபிரிட் போன்றவை புழக்கத்தில் உள்ளன. இமிடாகுளோபிரிட்டைக் கரையான் உணர்ந்து விலகிப்போவதில்லை. மருந்தில் நடந்த கரையான் மற்றவற்றோடு உரசும்போது அவற்றுக்கும் அது பரவும்.

சரிவில் இருக்கும் வீட்டுக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. மேலே ஊற்றுவது கீழே இறங்கும். கீழ்வீட்டுக் கிணறும், ஊற்றும், ஓடை மீனும் அந்த வழியில் இருக்கின்றன. குளோர்பைரிபாஸ் மீனுக்குக் கடும் நஞ்சு. மழைக்காலத்தில் மண்ணில் மருந்து இட யார் வந்தாலும் மறுத்துவிட வேண்டும். மருந்தும் நிற்காது, தண்ணீரும் கெடும். மருந்தின் பெயரையும் கலக்கும் அளவையும் டப்பாவின் லேபிளைப் பார்த்தே உறுதி செய்துகொள்வது வீட்டுக்காரரின் உரிமை.

மண்ணை நனைக்காத வழிகளும் உண்டு. ஹவாய்த் தீவில் அடித்தளத்தைச் சுற்றி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் அளவுள்ள எரிமலைக் கல் பொடியைக் கெட்டித்து நிரப்புகிறார்கள். கரையானால் அந்தக் கல்லை வாயால் தூக்கவும் முடியாது, இடுக்கில் நுழையவும் முடியாது. அமெரிக்காவில் கரையானைத் தோலுரிக்க விடாமல் கூட்டையே அழிக்கும் இரைப்பொறி 1990களில் விற்பனைக்கு வந்தது. நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலை வளாகத்தில் புகுந்த கரையானை அதைக்கொண்டுதான் ஒழித்தார்கள். பூஞ்சை வளர்க்கும் நம்மூர்க் கரையானிடம் இந்த இரைகள் அவ்வளவு நிச்சயமாகப் பலிப்பதில்லை.

மழைக்கு முன், ஏப்ரல் மே வெயிலில் ஒருமுறையும், மழை ஓய்ந்தபின் ஒருமுறையும் டார்ச்சோடு வீட்டைச் சுற்றி வருவது நல்லது. கூரை விளிம்பில் தண்ணீர் எங்கே சொட்டுகிறது, பின்சந்து வாய்க்கால் இலையால் அடைத்திருக்கிறதா, குளியலறைச் சுவரின் மறுபக்கம் ஊறியிருக்கிறதா, நிலைகளின் காலடியில் புது மண் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். வாய்க்கால் அடைப்பை அன்றைக்கே எடுத்துவிடலாம். புது மண் தெரிந்தால் துடைக்காமல் படம் எடுத்து வைத்துக்கொண்டு, குழாய் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தரைவரை பின்தொடர்ந்து போய்ப் பார்த்த பிறகு ஆளைக் கூப்பிடலாம்.