தவிட்டுக்குருவி கூட்டம் இறங்கும் தோட்டம்

தோட்டத்து வேலியில் ஒரு தவிட்டுக்குருவியைப் பார்த்தால் அதோடு கண்ணை எடுத்துவிடக் கூடாது. பக்கத்திலேயே இன்னும் ஆறேழு இருக்கும். சிலம்பன் என்று பறவை நூல்கள் சொல்லும் இவை, ஆண்டு முழுவதும் கூட்டமாகவே வாழ்கின்றன. ஒன்று பறந்தால் மற்றவை ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். இரவில் ஒரே கிளையில் நெருக்கியடித்து உட்கார்ந்து தூங்கும்.

காலையில் மரத்தடியில் இவை மேய்வதைக் கவனியுங்கள். எல்லாம் தரையில் சருகைப் புரட்டிக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் உயரமான கிளையில் உட்கார்ந்திருக்கும். அதுதான் காவல். வல்லூறு தெரிந்தால் அது குரல் கொடுக்கும். கூட்டம் புதருக்குள் மறையும். பாம்பையோ கீரியையோ கண்டால் மொத்தக் கூட்டமும் சுற்றி நின்று கத்தும். தோட்டத்தில் அப்படி விடாமல் சத்தம் கேட்டால், கால் வைக்குமுன் தரையைப் பார்ப்பது நல்லது.

சருகுக்கடியில் இவை தேடுவது வண்டு, புழு, கரையான், வெட்டுக்கிளி. மழைக்குப் பின் ஈசல் கிளம்பினால் விருந்துதான். ஆனால் இவை வந்தால் பூச்சித் தொல்லையே தீர்ந்துவிடும் என்று சொல்ல முடியாது. நன்மை செய்யும் சிலந்தியையும் தின்னும், பழுத்த பழத்தையும் கொத்தும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் இருக்க வேண்டிய பறவைதான்.

இவற்றைத் தோட்டத்தில் நிறுத்தத் தானியம் இறைக்கத் தேவையில்லை. சருகைக் கொளுத்தாமல் மரத்தடியில் மூடாக்காக விட்டாலே தீவனம் கிடைத்துவிடும். கோடையில் அகலமான மண்சட்டியில் 2 அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் வைத்து, 2 நாளுக்கு ஒருமுறை கழுவி மாற்றினால் போதும். குடிக்கவும் குளிக்கவும் கூட்டமாக வரும். பூனை பதுங்க முடியாத வெட்டவெளியில், ஓடி ஒளியும் தூரத்தில் ஒரு மரம் இருக்கும்படி வையுங்கள். மருந்து கலந்த விதையையும் எலி மருந்தையும் திறந்த இடத்தில் போடாதீர்கள்.

கிளுவை வேலியை எடுத்துவிட்டுக் கம்பி வேலி போடுகிறவர்கள், ஒரு பக்கமாவது உயிர்வேலியை விட்டுவைக்கலாம். புதரும் அடர்ந்த மரமும் இல்லாத இடத்தில் இவை கூடு கட்டுவதில்லை. நீலநிற முட்டைகள் இடும். அதே நிறத்தில் முட்டையிட்டு அதில் சேர்த்துவிட்டுப் போவது சுடலைக்குயில். தாய் தகப்பன் மட்டுமல்ல, கூட்டத்திலுள்ள மற்றவையும் குஞ்சுக்கு இரை கொண்டுவந்து ஊட்டும். ஒரு குஞ்சின் பின்னால் நான்கைந்து பறவைகள் இரையோடு அலைந்தால், அது குயில் குஞ்சா என்று ஒருமுறை உற்றுப் பாருங்கள்.