சாவியைக் கொடுத்தால் மட்டும் போதுமா?

வெள்ளிக்கிழமை இரவு ஹோட்டல் வாசலில் கார்கள் வரிசைபிடித்து நிற்கும். வாலே பார்க்கிங் ஊழியர் ஒரு காரைக் கீழ்த்தளத்தில் நிறுத்திவிட்டு ஓடி வருவதற்குள் அடுத்த கார் காத்திருக்கும். பெட்ரோல் கார் என்றால் அவருக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. கியரும் பிரேக்கும் கைக்கும் காலுக்கும் பழகிப்போனவை. ஆனால் வந்து நிற்பது அவர் இதுவரை ஓட்டியே பார்க்காத மின்கார் என்றால்?

சிங்கப்பூரில் இந்தக் கேள்வி இனி அடிக்கடி எழும். 2024ல் இங்கு மின்கார் விற்பனையில் முதலிடம் பிடித்த நிறுவனம், சீனாவின் பிஒய்டி. 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் அனைத்தும் தூய்மையான எரிசக்தி வகையைச் சேர்ந்தவையாக இருக்கவேண்டும். பெற்றோரின் மின்காரை ஒப்படைப்பவராகவோ, பகுதிநேர வேலையில் அதைப் பெற்றுக்கொள்பவராகவோ நீங்களே இருக்கக்கூடும்.

சாவி எது?

டெஸ்லா ‘மாடல் 3’ காரில் உரிமையாளரின் திறன்பேசியே சாவி. கூடவே வங்கி அட்டை போன்ற ஓர் அட்டையும் உண்டு. ஓட்டுநர் பக்கத்தில் இரு கதவுகளுக்கும் நடுவே உள்ள தூணில் அதைக் காட்டினால் பூட்டு திறக்கும். அட்டையைக் கொடுக்காமல் உரிமையாளர் திறன்பேசியுடன் விருந்துக்குப் போய்விட்டால், நிறுத்திப் பூட்டிய காரை ஊழியரால் மறுபடியும் நகர்த்த முடியாது. அதன் பின்னால் மாட்டிக்கொண்ட கார்களுக்கும் அதே கதிதான். நியூட்ரலில் போட்டுத் தள்ளிவிடலாம் என்றால் அதுவும் நடக்காது. ஓட்டுநர் இறங்கியதும் கார் தானாகவே ‘பார்க்’ நிலைக்குப் போய்விடும்.

இறங்குவதிலும் ஒரு குழப்பம் உண்டு. கதவை உள்ளிருந்து திறக்க ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். அது தெரியாதவர்கள் கைக்கு எட்டும் பிடியை இழுத்துவிடுகிறார்கள். உண்மையில் அது மின்சாரம் இல்லாதபோது பயன்படுத்தவேண்டிய அவசரப் பிடி.

முன்னே போக மேலேயா, கீழேயா?

ஜூரோங்கில் உள்ள ஹியுண்டாய் நிலையத்தில் தயாராகும் ‘ஐயோனிக் 5’ காரில், ஸ்டியரிங்கை ஒட்டிய தண்டை மேல்நோக்கித் திருகினால் கார் முன்னே போகும், கீழ்நோக்கித் திருகினால் பின்னே போகும். டெஸ்லா ‘மாடல் 3’ காரின் முந்தைய வடிவத்தில் தண்டைக் கீழே தள்ளினால் முன்னே, மேலே தள்ளினால் பின்னே. அதாவது நேர் எதிர்! 2023ல் வந்த புதிய ‘மாடல் 3’ காரில் தண்டே கிடையாது. தொடுதிரையில் விரலால் மேலே தள்ளினால் முன்னே, கீழே இழுத்தால் பின்னே. சுவருக்கும் காருக்கும் ஒரு முழம் இடைவெளியே உள்ள கீழ்த்தளத்தில் இந்தக் குழப்பம் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

இது வெறும் கீறல், நசுங்கல் பற்றிய கவலை அன்று. சில பெட்ரோல் கார்களில், தள்ளிய பிறகு தானாக நடுநிலைக்குத் திரும்பும் மின்னணு கியர் தண்டு இருந்தது. கார் ‘பார்க்’ நிலையில் இருப்பதாக எண்ணிப் பலர் இறங்கினர், கார் உருண்டது. 2016 ஏப்ரலில் ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் இத்தகைய ஏறத்தாழ 1.1 மில்லியன் கார்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஜூன் மாதம், ‘ஸ்டார் டிரெக்’ நடிகர் ஆன்டன் யெல்சின், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தம் வீட்டுச் சரிவுப் பாதையில் உருண்டு வந்த சொந்தக் காரால் நசுக்கப்பட்டு இறந்தார். அவருக்கு வயது 27. அவரது கார், அந்த அறிவிப்பில் இடம்பெற்றிருந்த வகையைச் சேர்ந்தது.

சத்தமில்லை, ஆனால் வேகமுண்டு

நின்றிருக்கும் மின்காரில் இயந்திரச் சத்தம் கேட்காது. ‘ரெடி’ விளக்கு எரிகிறதா என்பதைப் பார்த்துத்தான் பல கார்களில் அது ஓடத் தயாராக இருப்பதை அறியமுடியும். மெதுவாகச் செல்லும்போது பாதசாரிகளுக்குக் கேட்கும்படி செயற்கை ஒலி எழுப்பவேண்டும் என்று ஐரோப்பா 2021 ஜூலை முதல் எல்லாப் புதிய மின்கார்களுக்கும் விதித்திருப்பது இதனால்தான்.

வேக மிதியிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் கார் மெல்ல உருளும். பல மின்கார்களோ பிரேக் போட்டதுபோல் வேகம் குறையும். அந்த நேரத்தில் மோட்டார் மின்னாக்கியாக மாறி மின்கலனுக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது. மறுபுறம், மிதியைத் தொட்டதும் மோட்டாரின் முழு விசையும் உடனே கிடைத்துவிடும். ‘மாடல் 3’ காரின் அதிவேக வகை, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை ஏறத்தாழ மூன்றே விநாடிகளில் எட்டும். பழக்கமில்லாத காலுக்கு இரண்டுமே அதிர்ச்சிதான்.

டெஸ்லா கார்களில் இதற்கென்றே ‘வாலே முறை’ இருக்கிறது. நான்கு இலக்க எண்ணை அமைத்து அதை இயக்கினால், கார் மணிக்கு 113 கிலோமீட்டரைத் தாண்டாது. சீறிப் பாயும் ஆற்றலும் குறையும். முன்பக்கப் பெட்டி பூட்டப்படும். வீட்டு முகவரி வழிகாட்டியில் தெரியாது. ஆனால் அது உரிமையாளரின் உடைமைக்கான பாதுகாப்பு. கியர் எங்கே இருக்கிறது என்று ஊழியருக்கு அது சொல்லித்தராது.

ஒரே நிமிடம் ஒதுக்குங்கள்

காரை ஒப்படைக்கும்போது ஐந்து விவரங்களைச் சொன்னால் போதும்:

• எதைக் காட்டிப் பூட்டுவது, திறப்பது
• முன்னே, பின்னே செல்ல என்ன செய்வது
• ‘பார்க்’ நிலைக்கு எப்படி மாற்றுவது, அதைத் திரையில் எங்கே உறுதிசெய்வது
• காலை எடுத்ததும் கார் எப்படி நடந்துகொள்ளும்
• உள்ளிருந்து கதவை எப்படித் திறப்பது

காரைப் பெற்றுக்கொள்பவர் நீங்கள் என்றால், “இந்த வகை காரை நான் ஓட்டியதில்லை, கொஞ்சம் காட்டுங்கள்” என்று கேட்கத் தயங்காதீர்கள். வரிசை நீள்கிறது, வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்ற கூச்சத்தில் தெரிந்ததுபோல் தலையாட்டுவதே ஆபத்து. கேட்பதால் மரியாதை குறையாது. இடித்துவிட்டால் பழி உங்கள்மேல்தான் முதலில் விழும்.

குறை யாருடையது?

வடிவமைப்புத் துறையில் ‘நார்மன் கதவு’ என்று ஒரு சொல் உண்டு. தள்ளுவதா, இழுப்பதா என்று பார்த்த மாத்திரத்தில் புரியாத கதவுக்கு, அமெரிக்க அறிஞர் டோனல்ட் நார்மனின் பெயரால் வந்த சொல் அது. 1988ல் வெளிவந்த தம் நூலில் அவர் வலியுறுத்தியது இதைத்தான்: ஒரு பொருளைப் பயன்படுத்துவோர் திரும்பத் திரும்பத் தவறு செய்தால், குறையைப் பொருளின் வடிவமைப்பில் தேடவேண்டும், மனிதரிடம் அன்று.

தொழில்துறை வடிவமைப்போ பொறியியலோ படிக்க எண்ணும் மாணவர்களுக்கு இதில் நல்ல பாடம் இருக்கிறது. உரிமையாளர் தம் காரை ஒரு வாரத்தில் பழகிக்கொள்வார். வாலே ஊழியருக்குக் கிடைப்பதோ சில விநாடிகள். அந்தச் சில விநாடிகளில், யாரும் சொல்லித்தராமலே அவருக்குப் புரிகிற காரை உருவாக்குவது நாளை உங்கள் வேலையாக இருக்கலாம். அதுவரை, சாவி அட்டையோடு ஒரு நிமிட விளக்கத்தையும் சேர்த்தே கொடுப்போம்.